கருஞ்சிறுத்தைகள்: 20 வயதில் போராட்டம்... அடுத்த 50 ஆண்டுகளில் என்ன ஆனார்கள்?

2016 பிப்ரவரி 19. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சிறையிலிருந்து ஆல்பர்ட் வுட்ஃபாக்ஸ் வெளியே வந்தார். அன்று அவருக்கு 69-வது பிறந்தநாள். அவரைத் தனிமைச் சிறையில் அடைத்தபோது வயது 25.

6 அடிக்கு 9 அடி அறை. ஒரு நாளில் 23 மணி நேரம் அதற்குள்ளேதான். இப்படியே 40 ஆண்டுகளுக்கும் மேல் போனது. வெளியே வந்ததும் அவர் போக விரும்பிய இடம் அம்மாவின் கல்லறை. அம்மா இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் போக அவரை விடவில்லை.

அதே நாளில், பாபி ரஷ் என்பவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 24-வது ஆண்டாக உறுப்பினராக இருந்தார். ரஷ்ஷுக்கும் வுட்ஃபாக்ஸுக்கும் மூன்று மாதம்தான் வயது வித்தியாசம். இருவரும் தென் மாநிலங்களில் பிறந்த கறுப்பினத்தவர்கள். இருவரும் இருபதுகளில் ஒரே கட்சியில் இருந்தவர்கள்.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு. பெயர் வாரன் கிம்ப்ரோ. அவரும் அதே கட்சிதான். ஒரு இளைஞனைச் சுட்டுக் கொன்றதாக ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனவர். நாலரை ஆண்டில் வெளியே வந்துவிட்டார்.

கொலையை ஒப்புக்கொண்டவருக்கு நாலரை ஆண்டு. கடைசிவரை மறுத்தவருக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் தனிமை. இது எப்படி நடந்தது? அந்தக் கட்சி எது?

யார் இந்தக் கருஞ்சிறுத்தைகள்?

1966 அக்டோபர். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரம். மெரிட் கல்லூரியில் படித்தபோது நண்பர்களான ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் ஒரு கட்சி தொடங்கினார்கள். 'பிளாக் பேந்தர் பார்ட்டி', அதாவது கருஞ்சிறுத்தைக் கட்சி. வேலை, வீடு, கல்வி, போலீஸ் அடக்குமுறைக்கு முடிவு எனப் பத்து அம்சக் கோரிக்கை ஒன்றை எழுதினார்கள்.

முதல் வேலையே போலீஸைக் கண்காணிப்பதுதான். அப்போது கலிஃபோர்னியா சட்டப்படி, வெளியே தெரியும்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ரோந்து வண்டி கறுப்பின மக்களை நிறுத்தினால், இவர்கள் சட்டப் புத்தகமும் துப்பாக்கியுமாகத் தள்ளி நின்று பார்ப்பார்கள். இதைத் தடுக்க 1967-ல் மாநில அரசு சட்டத்தையே மாற்றியது. கையெழுத்துப் போட்ட ஆளுநர், பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரீகன்.

கறுப்பு தோல் ஜாக்கெட், கறுப்பு பெரே தொப்பி, துப்பாக்கி. கட்சி என்றதும் உலகம் நினைவில் வைத்திருப்பது இந்தப் படத்தைத்தான். ஆனால், கட்சிக்காரர்களின் பெரும்பாலான நேரம் வேறு வேலைகளில் போனது. 1969 ஜனவரியில் ஓக்லாந்து தேவாலயம் ஒன்றில் குழந்தைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். அது நகரம் நகரமாகப் பரவியது. இலவச மருத்துவமனைகள் திறந்தார்கள். கறுப்பின மக்களை அதிகம் பாதிக்கும் சிக்கிள் செல் ரத்தசோகைக்குப் பரிசோதனை நடத்தினார்கள். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்ற நிலையும் ஒரு கட்டத்தில் வந்தது.

இவர்களில் பலருக்கு அப்போது வயது 18, 19, 20. கல்லூரியில் அரியர் எழுதும் வயசு.

இந்தப் பெயர் நம்ம ஊருக்கு வந்த கதை

சிறுத்தை என்ற சின்னம் ஓக்லாந்தில் பிறந்தது அல்ல. அலபாமா மாநிலத்தின் லௌண்டஸ் கவுன்டியில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகத் தொடங்கிய அமைப்பின் தேர்தல் சின்னம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அடையாளம் கண்டு ஓட்டுப் போட ஒரு சின்னம் தேவைப்பட்டது. நமக்குப் பழக்கமான விஷயம்தான். அங்கிருந்துதான் ஓக்லாந்துக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஓக்லாந்திலிருந்து அது பம்பாய்க்கு வந்தது. 1972-ல் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி.பவார் உள்ளிட்டோர் 'தலித் பேந்தர்ஸ்' அமைப்பைத் தொடங்கியபோது, பெயரையும் உந்துதலையும் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றார்கள். அந்த இயக்கம் மதுரைக்கும் வந்தது. மலைச்சாமியின் மறைவுக்குப் பிறகு தொல்.திருமாவளவன் தலைமையேற்று, அதுவே விடுதலைச் சிறுத்தைகள் ஆனது. இன்று தமிழகத்தில் சுவர் விளம்பரத்தில் 'சிறுத்தை' என்ற சொல்லைப் பார்க்கிறோம் என்றால், அதன் வேர்களில் ஒன்று ஓக்லாந்து வழியாகப் போகிறது.

அரசு என்ன செய்தது?

1960-களின் இறுதியில் எஃப்.பி.ஐ இயக்குநர் ஜே.எட்கர் ஹூவருக்குக் கருஞ்சிறுத்தைகள்தான் முதல் இலக்கு. நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு மிகப்பெரிய அச்சுறுத்தல் இவர்களே என்று 1969-ல் அவர் அறிவித்தார். ரகசியமாக ஒரு திட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் 'கோயின்டெல்ப்ரோ'.

வெறும் வேவு பார்ப்பது மட்டும் அல்ல இந்தத் திட்டம். போலிக் கடிதம் எழுதித் தலைவர்களை ஒருவருக்கொருவர் மோதவிடுவது, ஆட்களை உள்ளே அனுப்புவது, எதிரிக் குழுக்களைத் தூண்டிவிடுவது எல்லாமே நடந்தது. 1971-ல் பென்சில்வேனியாவில் இருந்த எஃப்.பி.ஐ கிளை அலுவலகம் ஒன்றில் சில சாதாரணக் குடிமக்கள் புகுந்து கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் இது வெளியே வரத் தொடங்கியது. பிறகு செனட் குழு விசாரித்தது. கறுப்பின அமைப்புகளுக்கு எதிராக எஃப்.பி.ஐ அனுமதித்த 295 நடவடிக்கைகளில் 233 கருஞ்சிறுத்தைகளைக் குறிவைத்தவை என்று அந்தக் குழு கண்டறிந்தது.

காகிதத்தில் எண்ணிக்கையாகத் தெரியும் இந்த விஷயம், சிகாகோவில் எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

அந்த டிசம்பர் இரவு

ஃபிரெட் ஹாம்ப்டன். இல்லினாய்ஸ் மாநிலக் கிளையின் தலைவர், வயது 21. ஏழை வெள்ளையர்கள், போர்ட்டோ ரிக்கர்கள் என மற்றவர்களையும் ஒரே அணியில் சேர்த்துக்கொண்டிருந்தவர். 1969 டிசம்பர் 4 அதிகாலையில் போலீஸார் அவர் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். ஹாம்ப்டனும் மார்க் கிளார்க் என்ற தோழரும் இறந்தார்கள். போலீஸ் தரப்பிலிருந்து 90-க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. எதிர்த்தரப்பிலிருந்து வெடித்தது ஒன்றே ஒன்று எனப் பின்னர் ஆய்வில் தெரிந்தது.

ஹாம்ப்டனின் துணைவி நிறைமாதக் கர்ப்பிணியாக அதே படுக்கையில் இருந்தார். அந்த மாத இறுதியில் மகன் பிறந்தான். அவனுக்கும் ஃபிரெட் ஹாம்ப்டன் என்றே பெயர்.

வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ-க்குக் கொடுத்தவர் வில்லியம் ஓ'நீல். ஹாம்ப்டனின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரே அவர்தான். கார் திருட்டு வழக்கிலிருந்து தப்பிக்க, எஃப்.பி.ஐ-யின் ஆளாக உள்ளே போன இளைஞர். பின்னர் வேறு பெயரில், வேறு ஊரில் வாழ்ந்தார். பல ஆண்டுகள் கழித்து தொலைக்காட்சி ஆவணத் தொடர் ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தார். அந்தத் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கிய 1990 ஜனவரியில், சிகாகோ நெடுஞ்சாலையில் கார் மோதி இறந்தார். தற்கொலை என்று பதிவானது. 2021-ல் வந்த 'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா' படம் இவர்கள் இருவரின் கதைதான். ஹாம்ப்டனாக நடித்த டேனியல் கலூயாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஹாம்ப்டன் குடும்பத்தினர் உள்ளிட்டோர் தொடர்ந்த வழக்கில், 1982-ல் அரசுத் தரப்பு 18.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. சுட்டதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை.

வீட்டில் இல்லாததால் பிழைத்தவர்

மறுநாள், டிசம்பர் 5. போலீஸார் இன்னொரு வீட்டுக் கதவை உடைத்துப் புகுந்தார்கள். அது பாபி ரஷ்ஷின் வீடு. அவர் அன்று அங்கே இல்லை.

இல்லினாய்ஸ் கிளையைத் தொடங்கியவர்களில் ஒருவர் ரஷ். ஆயுத வழக்கில் ஆறு மாதம் சிறையில் இருந்தார். 1974-ல் கட்சியை விட்டு விலகினார். 1983-ல் சிகாகோ மாமன்றத்துக்கும், 1992-ல் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2000-ல் அவருடைய தொகுதியில் கட்சி வேட்பாளர் ஆக வேண்டும் என்று ஒரு இளம் வழக்கறிஞர் அவரை எதிர்த்து நின்றார். இரண்டு மடங்கு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அந்த இளைஞர் பராக் ஒபாமா. தேர்தலில் ஒபாமாவைத் தோற்கடித்த ஒரே ஆள் ரஷ்தான்.

2012-ல் ஃபுளோரிடாவில் ஹூடி அணிந்து நடந்துபோன டிரேவன் மார்ட்டின் என்ற 17 வயது கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது கோட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே அணிந்திருந்த ஹூடியின் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு சபையில் பேசினார் ரஷ். சபைக்குள் தொப்பி கூடாது என்று அவரை வெளியேற்றினார்கள். அப்போது அவருக்கு 65 வயது.

ஒரு இரவு வீட்டில் இருந்திருந்தால் இந்த 53 ஆண்டுகளும் இருந்திருக்குமா என்பது தெரியாது.

தனக்காகத் தானே வாதாடிய கர்ப்பிணி

நியூயார்க்கில் 1969 ஏப்ரலில் 21 கருஞ்சிறுத்தைகள் மீது குண்டுவைக்கச் சதி செய்ததாக வழக்குப் போட்டார்கள். ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் ஜாமீன். அந்தக் காலத்தில் அது கட்டவே முடியாத தொகை. கைதானவர்களில் ஒருவர் அஃபெனி ஷகூர், வயது 22.

சட்டம் படிக்காத அவர் வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். வழக்கின் கடைசிக் கட்டத்தில் கர்ப்பிணி. ரகசியமாகக் கட்சிக்குள் இருந்த போலீஸ்காரரைக் கூண்டில் நிறுத்தி, 'எங்களை ஏதாவது வெடிக்கச் செய்வதைக் கண்ணால் பார்த்தீர்களா?' என்கிற ரீதியில் அவர் கேட்ட கேள்விகள் வழக்கின் போக்கையே மாற்றின. 1971 மே மாதம் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அனைவரும் விடுதலை. அடுத்த மாதம் அஃபெனிக்கு மகன் பிறந்தான். அவன்தான் ராப் பாடகர் டூபாக் ஷகூர்.

இங்கே கதை சுபமாக முடியவில்லை. கட்சி சிதறியது. வருமானம் இல்லை. 1980-களில் அஃபெனி போதைக்கு அடிமையானார். பிறகு அதிலிருந்து மீண்டார். அம்மாவின் அந்த நாட்களை மறைக்காமல் சொல்லித்தான் டூபாக் 'டியர் மாமா' பாடலை எழுதினார். 1996-ல் டூபாக் 25 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, மகனின் பாடல் உரிமைகளை மீட்டு நிர்வகித்தவர் அஃபெனிதான். 2016-ல் இறந்தார்.

எல்லோரும் அப்பாவிகளா?

இல்லை. இதைச் சொல்லாமல் கருஞ்சிறுத்தைகளின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

1969 மே மாதம் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில், அலெக்ஸ் ராக்லி என்ற 19 வயது உறுப்பினரை போலீஸ் உளவாளி என்று சந்தேகப்பட்டு, கட்சிக்காரர்களே நாள்கணக்கில் சித்திரவதை செய்து கொன்றார்கள். ராக்லி உளவாளி என்பதற்கு எந்த ஆதாரமும் வரவில்லை. கட்சிக்குள் யாரைப் பார்த்தாலும் உளவாளியாகத் தெரிந்த காலம் அது. அப்படித் தெரிய வேண்டும் என்பதும் எஃப்.பி.ஐ-யின் திட்டம்தான். ஆனால், கொன்ற கைகள் கட்சிக்காரர்களுடையவை.

நிறுவனர் நியூட்டனின் கதை இன்னும் சிக்கலானது. 1967-ல் ஓக்லாந்தில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்ட வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது. கடைசியில் வழக்கே கைவிடப்பட்டது. 1974-ல் வேறு வழக்குகளுக்குப் பயந்து கியூபாவுக்குப் போய், மூன்று ஆண்டு கழித்துத் திரும்பினார். 1980-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி பட்டம் பெற்றார். ஆய்வுத் தலைப்பு, கருஞ்சிறுத்தைகள் மீதான அரசின் அடக்குமுறை. இன்னொரு பக்கம் போதை, வன்முறை. கட்சி நடத்திய பள்ளிக்கு வந்த அரசுப் பணத்தைக் கையாடிய வழக்கும் வந்தது. 1989 ஆகஸ்ட் 22 அன்று, கட்சி வளர்ந்த அதே மேற்கு ஓக்லாந்துத் தெருவில், போதைப்பொருள் கும்பலோடு தொடர்புடைய ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். வயது 47.

கட்சியின் இன்னொரு முகமான எல்ட்ரிட்ஜ் கிளீவர் கியூபா, அல்ஜீரியா, பிரான்ஸ் என்று ஓடி, 1975-ல் திரும்பி வந்தார். தீவிர கிறிஸ்தவர் ஆனார், மார்மன் சபையில் சேர்ந்தார், ரீகனின் குடியரசுக் கட்சிக்கே போனார். 1998-ல் இறந்தார். பாபி சீல் 1973-ல் ஓக்லாந்து மேயர் தேர்தலில் நின்று இரண்டாம் இடம் வந்தார். பின்னாளில் பார்பெக்யூ சமையல் புத்தகம் எழுதினார்!

பெண்கள் நடத்திய கட்சி

தலைவர்கள் சிறையிலும் வெளிநாட்டிலும் இருந்தபோது கட்சியை யார் நடத்தினார்கள்? பெரும்பாலும் பெண்கள். 1974 முதல் 1977 வரை எலைன் பிரவுன் தலைவராக இருந்தார். பள்ளியை நிர்வகித்த ஒரு பெண்ணைக் கட்சி ஆண்கள் அடித்தார்கள். அதை நியூட்டன் கண்டிக்கவில்லை. கட்சியை விட்டுப் போக அதுதான் காரணம் என்று தன் சுயசரிதையில் எலைன் எழுதினார். பின்னாளில் சிறையிலிருந்து வருபவர்களுக்கு வேலையும் வீடும் வேண்டும் என்பதற்காக ஓக்லாந்தில் தொடர்ந்து வேலை செய்தார்.

எரிக்கா ஹக்கின்ஸுக்கு 21 வயது இருக்கும்போது, கணவர் ஜான் ஹக்கின்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக வளாகத்தில் எதிர்க்குழுவினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். குழந்தைக்கு அப்போது மூன்று வாரம். சில மாதங்களில் ராக்லி கொலை வழக்கில் எரிக்காவும் கைதானார். இரண்டு ஆண்டுகள் சிறை. அங்கே தனக்குத்தானே தியானம் கற்றுக்கொண்டார். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் 1971-ல் வழக்கு கைவிடப்பட்டது. வெளியே வந்து கட்சியின் ஓக்லாந்து சமுதாயப் பள்ளிக்கு 1973 முதல் 1981 வரை இயக்குநராக இருந்தார். மறு ஆண்டு பள்ளி மூடப்பட்டது. கட்சியின் கதையும் அதோடு முடிந்தது. 16 ஆண்டுகள்.

நாடு திரும்பாதவர்கள்

கான்சஸ் சிட்டி கிளைத் தலைவர் பீட் ஓ'நீலுக்கு 1970-ல் துப்பாக்கி வழக்கில் நான்கு ஆண்டு தண்டனை விதித்தார்கள். அவர் மனைவி சார்லட்டோடு நாட்டை விட்டு வெளியேறினார். அல்ஜீரியா போய், 1972-ல் தான்சானியா. அருஷா நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலம் வாங்கி, கணவனும் மனைவியும் சமுதாய மையம் கட்டி, குழந்தைகளைப் படிக்க வைத்தார்கள். நான்கு ஆண்டு சிறைக்குப் பயந்து போனவர், அரை நூற்றாண்டைத் தாண்டி அங்கேயே இருந்தார்.

இன்னொருவர் அசாட்டா ஷகூர். 1973-ல் நியூஜெர்சி நெடுஞ்சாலையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் வெர்னர் ஃபோர்ஸ்டர் என்ற போலீஸ்காரர் இறந்தார். அந்த வழக்கில் அசாட்டாவுக்கு ஆயுள் தண்டனை. தான் சுடவில்லை என்றே சொல்லிவந்தார். 1979-ல் சிறையிலிருந்து தப்பினார். கியூபா அடைக்கலம் தந்தது. 2013-ல் எஃப்.பி.ஐ-யின் தேடப்படும் பயங்கரவாதிகள் பட்டியலில் இடம்பெற்ற முதல் பெண் ஆனார். 2025 செப்டம்பரில் ஹவானாவில் இறந்தார். சிலருக்கு அவர் போராளி. ஃபோர்ஸ்டரின் சக போலீஸாருக்கு, தண்டனையிலிருந்து தப்பிய கொலையாளி.

27 ஆண்டுக்குப் பிறகு 'தவறு நடந்துவிட்டது'

ஜெரோனிமோ பிராட், வியட்நாம் போரில் பதக்கம் வாங்கிய ராணுவ வீரர். லாஸ் ஏஞ்சலஸ் கிளைத் தலைவர். 1968-ல் சாண்டா மோனிகாவில் ஒரு ஆசிரியை கொல்லப்பட்ட வழக்கில், 1972-ல் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொலை நடந்தபோது தான் நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஓக்லாந்தில் கட்சிக் கூட்டத்தில் இருந்ததாக அவர் சொன்னார். நீதிமன்றம் நம்பவில்லை.

அவருக்கு எதிரான முக்கியச் சாட்சி, அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்துவந்தவர். இந்த உண்மை ஜூரிகளிடம் மறைக்கப்பட்டது. அவருக்காக முதலில் வாதாடித் தோற்ற வக்கீல் ஜானி காக்ரன், ஓ.ஜே.சிம்சன் வழக்கால் உலகப்புகழ் பெற்ற பிறகும் இந்த வழக்கை விடவில்லை. எல்ட்ரிட்ஜின் முன்னாள் மனைவி கேத்லீன் கிளீவரும் இந்த வழக்கில் வேலை செய்தார். கறுப்பின உரிமைப் போராட்டத்துக்காகக் கல்லூரிப் படிப்பை விட்டவர், முப்பது வயதைத் தாண்டி யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1989-ல் அங்கேயே சட்டப் பட்டம் வாங்கியவர்.

1997-ல் தண்டனை ரத்தானது. 27 ஆண்டுகள் சிறையில் போயிருந்தன. அதில் 8 ஆண்டு தனிமை. 45 லட்சம் டாலர் இழப்பீடு வாங்கிக்கொண்டு பிராட் தான்சானியாவுக்குப் போனார். பீட் ஓ'நீல் இருந்த அதே கிராமத்தில் குடியேறி, 2011-ல் அங்கேயே இறந்தார்.

வுட்ஃபாக்ஸுக்கு நடந்தது என்ன?

இப்போது முதலில் பார்த்த அந்தச் சிறைக்கு வருவோம்.

வுட்ஃபாக்ஸ் கட்சியில் சேர்ந்ததே சிறையில்தான். கொள்ளை வழக்கில் 50 ஆண்டு தண்டனை பெற்று, நீதிமன்றத்திலிருந்து தப்பி நியூயார்க் போய், அங்கே பிடிபட்டார். அந்தச் சிறையில் அஃபெனியின் வழக்கில் கைதான கருஞ்சிறுத்தைகளைச் சந்தித்தார். சக கைதிகளுக்கு அவர்கள் சாப்பாட்டைப் பங்கு வைப்பதையும் பாடம் எடுப்பதையும் பார்த்தார். அதுவரை தான் வாழ்ந்த வாழ்க்கை தனக்கே வெட்கமாக இருந்தது என்று பின்னாளில் எழுதினார்.

அவரை லூசியானாவின் அங்கோலா சிறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு காலத்தில் அடிமைகள் வேலை செய்த பண்ணை அது. அந்த அடிமைகள் வந்த நாட்டின் பெயரே சிறைக்கும் ஒட்டிக்கொண்டது. 1970-களிலும் கைதிகள் மணிக்குச் சில சென்ட் கூலிக்கு அங்கே பருத்தி எடுத்தார்கள். புதிதாக வரும் இளைஞர்களைப் பாலியல் அடிமைகளாக விற்கும் வழக்கமும் இருந்தது. வுட்ஃபாக்ஸும் ஹெர்மன் வாலஸும் சிறைக்குள்ளேயே கட்சிக் கிளை தொடங்கி, அந்த இளைஞர்களைப் பாதுகாத்தார்கள்.

1972 ஏப்ரலில் பிரென்ட் மில்லர் என்ற 23 வயதுக் காவலர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். வுட்ஃபாக்ஸும் வாலஸும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சம்பவ இடத்தில் கிடைத்த ரத்தக் கைரேகை இருவருக்கும் பொருந்தவில்லை. முக்கியச் சாட்சியான கைதிக்கு நிர்வாகம் சலுகைகள் கொடுத்தது பின்னர் தெரிந்தது. கொல்லப்பட்ட காவலரின் மனைவியே, உண்மைக் குற்றவாளிகள் இவர்கள்தானா என்று பிற்காலத்தில் சந்தேகம் எழுப்பினார்.

இருவரையும் தனிமையில் போட்டார்கள். வேறொரு வழக்கில் தண்டனை பெற்ற ராபர்ட் கிங் என்ற தோழரும் தனிமையில் அடைக்கப்பட்டார். 'அங்கோலா மூவர்' என்று உலகம் அறிந்தது இவர்களைத்தான். கிங் 29 ஆண்டு தனிமைக்குப் பிறகு 2001-ல் வெளியே வந்தார். சிறையில் செய்யக் கற்றுக்கொண்ட மிட்டாயை விற்று, நண்பர்களின் விடுதலைக்காகப் பிரச்சாரம் செய்தார். ஈரல் புற்றுநோய் முற்றிய நிலையில் வாலஸை 2013 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் விடுவித்தது. அக்டோபர் 3 அன்று அரசு அவர் மீது மீண்டும் குற்றம் சாட்டியது. 4-ம் தேதி அவர் இறந்துவிட்டார்.

வுட்ஃபாக்ஸின் தண்டனையை நீதிமன்றங்கள் ரத்து செய்தன. ஒவ்வொரு முறையும் அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. கடைசியில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் எதிர்த்து வாதாடாமலும் குறைந்த தண்டனையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வெளியே வந்தார்.

அத்தனை ஆண்டுகளில் தன் மிகப்பெரிய சாதனையாக அவர் சொன்னது என்ன தெரியுமா? பக்கத்து அறைகளில் இருந்த ஒரு கைதிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்ததை.

கிம்ப்ரோ என்ன ஆனார்?

ராக்லியைச் சுட்டவர்களில் ஒருவர் கிம்ப்ரோ. குற்றத்தை ஒப்புக்கொண்டார், அரசுத் தரப்பு சாட்சியும் ஆனார். சிறையில் இருந்தபோதே படித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலைக்கு இடம் கிடைத்தது. பிறகு கனெக்டிகட்டில் ஒரு கல்லூரியில் துணை டீன் ஆனார். அதன்பின் நியூ ஹேவனுக்கே திரும்பி, சிறையிலிருந்து வருபவர்களுக்கு வேலையும் தங்க இடமும் தேடித் தரும் 'பிராஜெக்ட் மோர்' அமைப்பைப் பல ஆண்டுகள் நடத்தினார். 2009-ல் இறக்கும்வரை ராக்லியின் கொலை தன்னை விட்டுப் போகவில்லை என்றே பேசினார்.

நாலரை ஆண்டு என்பது ஒரு உயிருக்குப் போதுமான தண்டனையா? ராக்லியின் குடும்பத்துக்கு நிச்சயம் இல்லை. ஆனால், அந்த மனிதர் மீதி வாழ்நாளில் செய்த வேலையும் கண்ணெதிரே இருக்கிறது. வுட்ஃபாக்ஸுக்கு அந்த மீதி வாழ்நாள் கிடைக்கவில்லை. இருவருக்குமான வித்தியாசத்தைத் தீர்மானித்தது குற்றத்தின் அளவு அல்ல. யார் அரசோடு ஒத்துழைத்தார், எந்த மாநிலம், எந்தச் சிறை, எந்த அதிகாரி என்பதுதான்.

மன்னிக்க வேண்டியது யார்?

1971-ல் நியூயார்க்கில் இரண்டு போலீஸ்காரர்கள் பதுங்கிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் ஜலீல் முன்டகிம் கைதானபோது வயது 19. முதுமையில் அவரும் ஹெர்மன் பெல்லும் பரோல் கேட்டபோது, இறந்த போலீஸ்காரர் ஒருவரின் மனைவி ஒவ்வொரு முறையும் எதிர்த்தார். கணவரை இழந்த துக்கத்துக்கு வயதாகவில்லை. ஆனால், இறந்த இன்னொரு போலீஸ்காரரின் மகன், போதும், பெல்லை விட்டுவிடுங்கள் என்று எழுதினார். பெல் 2018-லும் முன்டகிம் 49 ஆண்டுகள் கழித்து 2020-லும் வெளியே வந்தார்கள்.

ஒரே சம்பவம், ஒரே இழப்பு, இரண்டு பதில்கள். இரண்டையும் தவறு என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், ஒரு அரசு அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. 19 வயதில் செய்ததற்கு 70 வயதிலும் ஒருவர் உள்ளே இருக்க வேண்டுமா என்பதற்கு அது விதி வகுக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி. கருஞ்சிறுத்தைகள் விஷயத்தில் அந்த ஒரே விதி இல்லவே இல்லை.

2022: இரண்டு செய்திகள்

சிறுவயதில் பாபி ரஷ் ஒரு புகைப்படம் பார்த்தார். 1955-ல் மிசிசிப்பியில் அடித்துக் கொல்லப்பட்ட எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனின் சிதைந்த முகம். அந்தப் படம் தன் வாழ்க்கையை மாற்றியது என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 2022 மார்ச்சில், கும்பல் கொலையை மத்தியச் சட்டப்படி குற்றமாக்கும் 'எம்மெட் டில்' சட்டத்தில் அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்டார். மசோதாவைக் கொண்டுவந்தவர் ரஷ். அந்தப் பதவிக்காலத்தோடு அவர் நாடாளுமன்றத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று வுட்ஃபாக்ஸ் கோவிட் தொற்றால் இறந்தார். வெளியே அவருக்குக் கிடைத்தவை ஆறரை ஆண்டுகள். அதற்குள் 'சாலிட்டரி' என்ற புத்தகம் எழுதினார். அது புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. நாடு நாடாகப் போய்த் தனிமைச் சிறைக்கு எதிராகப் பேசினார்.

ஆறரை ஆண்டில் ஒருவரால் இவ்வளவு செய்ய முடிந்தது. அந்த நாற்பதும் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு இனி பதில் கிடைக்காது.